625 மாத்திரை போட்டால் வயிறு போகிறது: நிறுத்தலாமா?

சைனஸ் தொந்தரவுக்கு டாக்டர் ஆக்மென்டின் 625 எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து வயிறு கலங்கி, நாளைக்கு நான்கு தடவை இளகிப் போகிறது. நிறுத்திவிடலாமா, பாதியாக உடைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "இப்படிப் போனால் மருந்தும் சேர்ந்து வெளியே போய்விடாதா?" உங்களை உண்மையில் உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். மருந்தகக் கவுண்டரில் அநேகமாகத் தினமும் வரும் கேள்வி இது. சுருக்கமாகச் சொன்னால்: காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால் மருந்தைத் தொடரலாம், போடும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பாதியாக உடைக்க வேண்டாம். மருந்து வெளியே போய்விடவில்லை. காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 625 என்ற எண். அது ஒரே மருந்தின் அளவு இல்லை. 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம், இரண்டும் சேர்ந்து 625. கிளாவம், மாக்ஸிகைண்ட்-சிவி என்று பெயர் எதுவானாலும் உள்ளே இதே ஜோடிதான். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதைக் கொல்லும். சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அமாக்ஸிசிலினை வெட்டிப்போட்டுவிடும். கிளாவுலனிக் அமிலம் அந்த நொதியோடு போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. தனியாகப் போட்டால் அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி சொற்பம்தான். ஸ்ட்ரெப்டோமைசஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. 1981-ல் பிரிட்டனில் இந்தக் கூட்டு மருந்து விற்பனைக்கு வந்தது. வயிற்றைக் கலக்குவதில் பெரிய பங்கு இந்த 125 மில்லிகிராமுக்குத்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

மருந்து வெளியே போகிறதா என்ற கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். அமாக்ஸிசிலின் சிறுகுடலின் மேல் பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். விழுங்கிய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது. பிறகு பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது. நீங்கள் கழிவறைக்கு ஓடும்போது வெளியே வருவது பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சாமல் விட்ட கழிவு. காலையில் போட்ட மாத்திரை அதற்குள் ரத்தத்தில் கலந்து சைனஸ் வரை போயிருக்கும். ஆகவே நாளைக்கு மூன்று நான்கு தடவை இளகிப் போவதால் மருந்தின் பலன் குறைவதில்லை. மணிக்கொரு தரம் தண்ணீராகக் கொட்டுகிறது என்றால் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். வாந்திதான் கவனிக்க வேண்டிய விஷயம். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தாலோ, வாந்தியில் மாத்திரையே தெரிந்தாலோ மறுபடி ஒன்று போட வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் வேண்டாம். நடுவில் இருக்கும் அரை மணிக்குக் கறாரான விதி கிடையாது. டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்வது நல்லது.

வயிறு ஏன் போகிறது? "மாத்திரை சூடு" என்று வீட்டில் சொல்வார்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளாவுலனிக் அமிலம் சிறுகுடலின் அசைவைக் கூட்டுகிறது. மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு நாளிலேயே ஆரம்பிக்கும் குமட்டலுக்கும் இளகலுக்கும் முக்கியக் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொன்று, பெருங்குடலில் நாம் செரிக்காமல் விட்ட மாவுச்சத்தைப் புளிக்கவைத்து வாழும் பாக்டீரியாக்கள் இந்த மருந்தில் கொத்துக்கொத்தாகச் சாகின்றன. அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் குடல் சுவர் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச உதவுபவை. அவை குறைந்தால் செரிக்காத மாவுச்சத்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்; கழிவு இளகும். மருந்தை முடித்தபின் பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். உங்களுக்கு இந்த இரண்டில் எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்லவேளை, சமாளிக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி பெரியவர்களில் 100-ல் சுமார் 9 பேருக்கு வயிற்றுப்போக்கு, 3 பேருக்குக் குமட்டல். குழந்தைகளின் காதுத் தொற்றுக்கு இதே மருந்தைச் சிரப்பாகக் கொடுத்துப் பார்த்ததில், நாளைக்கு மூன்று வேளைப் பழைய கலவை கொடுத்தவர்களில் 34 சதவீதத்துக்கும், இரண்டு வேளைப் புதிய கலவை கொடுத்தவர்களில் 14 சதவீதத்துக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு வேளைக் கலவையில் கிளாவுலனிக் அமிலத்தின் விகிதம் குறைவு. பெரியவர்களில் வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று இல்லை. 875 + 125 மாத்திரை (ஒரு கிராம் மாத்திரை என்பது இதுதான்) இரண்டு வேளை போட்டவர்களிலும் 625 மூன்று வேளை போட்டவர்களிலும் மொத்த வயிற்றுப்போக்கு ஏறக்குறைய ஒன்றே (15, 14 சதவீதம்). கடுமையாகப் போனது மட்டும் முதல் குழுவில் பாதி. அதனால் "ஒரு கிராம் மாத்திரைக்கு மாற்றினால் வயிறு நின்றுவிடும்" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

இங்கேயே கடையில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 625 இருப்பில் இல்லை என்றால் "375-ல் இரண்டு போட்டுக்கோங்க" என்பார்கள். 375 மாத்திரையில் இருப்பது 250 அமாக்ஸிசிலின், 125 கிளாவுலனிக் அமிலம். இரண்டு போட்டால் அமாக்ஸிசிலின் 500 சரியாக வரும், கிளாவுலனிக் அமிலமோ 250 ஆகிவிடும். பலன் கூடாது, வயிற்றுப்பாடு மட்டும் கூடும். அதேபோல ஒரு கிராம் மாத்திரைக்குப் பதில் இரண்டு 625 போடுவதும் தவறு.

பாதியாக உடைப்பது ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே புரியும். அமாக்ஸிசிலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். பென்சிலின் வகை மருந்துகளின் பலன், கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் மருந்து நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அரை மாத்திரை போட்டால் அந்த நேரம் சுருங்கும். வயிற்றுக்கோ அவ்வளவு நிம்மதியும் கிடைக்காது, ஏனென்றால் குடல் பாக்டீரியாவைக் குலைக்க அந்தப் பாதியே போதும். போதாததற்குக் கிளாவுலனிக் அமிலம் ஈரத்துக்குச் சிறிதும் தாங்காது. அதனால்தான் இது தடித்த அலுமினிய அட்டையில் வருகிறது. அட்டையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு வைத்தாலோ, உடைத்த மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தாலோ நம்மூர் ஈரக்காற்றில் அது கெடும். வெள்ளை மாத்திரையில் மஞ்சளோ பழுப்போ படர்ந்திருந்தால் போடாதீர்கள்.

இனி எப்படிப் போடுவது. "சாப்பிட்ட பின்" என்றுதான் கவரில் எழுதித் தருவார்கள். இந்த மாத்திரைக்கு இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டும்: சாப்பாட்டின் தொடக்கத்தில். தட்டில் நாலு இட்லி இருந்தால் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, மீதி மூன்றைச் சாப்பிடுங்கள். சாப்பாட்டின் தொடக்கத்தில் போட்டால் கிளாவுலனிக் அமிலம் நன்றாக உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்படாமல் குடலில் மிஞ்சினால் தொந்தரவுதான். எண்ணெய், நெய் கனத்த சாப்பாடு தொடங்கி அரை மணி கழித்துப் போட்டால் உறிஞ்சுவது குறைகிறது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபிறகு ஞாபகம் வந்து போடுவது இந்த மருந்துக்கு மோசமான நேரம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலை எட்டு, இரவு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்; காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போட்டால் இரவு முழுக்க மருந்தில்லாமல் போகும். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

தயிர், மோர் சாப்பிடலாமா என்று பலர் தயங்குவார்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பாலில் உள்ள கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். அமாக்ஸிசிலினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மோர் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். பால் குடித்தால் உப்பிக்கொண்டு வருகிறதென்றால் பாலை மட்டும் நாலு நாள் நிறுத்துங்கள். உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, வாழைப்பழம் போதும். நான்கு தடவைக்கு மேல் போனால் ஓஆர்எஸ் பொடி வாங்கி, ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் ஒரே தடவையில் கரைத்து அன்றைக்கே குடித்து முடியுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவாகப் பிரித்தால் உப்பும் சர்க்கரையும் கணக்குத் தவறிவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓஆர்எஸ்ஸுக்கு அது ஈடாகாது. பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் வயிற்றுப்போக்கை அதிகமாக்கவே செய்யும்.

கூடவே ஒரு "கேஸ் மாத்திரை" எழுதுவது நம்மூர் வழக்கம், பெரும்பாலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல். 625-ஆல் வரும் வயிற்றுப்போக்குக்கும் அமிலத்துக்கும் தொடர்பில்லை, ஆகவே இதற்கு அது உதவாது. வயிற்று அமிலத்தை நாள்கணக்கில் அடக்கினால், சீக்கிரமே சொல்லப்போகும் ஒரு மோசமான குடல் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே அல்சர் உள்ளவர்கள், தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தொடர வேண்டும். மற்றவர்கள் "இது எனக்கு எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிரிகள்) விஷயத்தில் சந்தேகம் அதிகம், விளம்பரம் அதைவிட அதிகம். குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஓரளவு குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட வகைகளுக்கு, போதிய அளவில். பெரியவர்களுக்கு ஆதாரம் கலவையானது. சாக்கரோமைசஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட்; ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். லாக்டோபேசில்லஸ் வகை என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால், ஆன்டிபயாட்டிக்கையும் லாக்டோபேசில்லஸையும் ஒரே மாத்திரையில் அடைத்து "எல்பி" என்று விற்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருப்பவர்கள் எந்தப் புரோபயாட்டிக்கையும் தாமாகப் போடக்கூடாது. அந்த உயிரிகளே ரத்தத்தில் பரவிய சம்பவங்கள் உண்டு.

இனி எப்போது பயப்பட வேண்டும். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, மற்றவை செத்துக் காலியான பெருங்குடலில் பெருகி நஞ்சைச் சுரக்கும். அதற்கு அடையாளங்கள்: நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ சுத்தத் தண்ணீராகப் போவது, அதோடு காய்ச்சல், அடிவயிற்றில் பிடித்துப் பிசையும் வலி, சளியோ ரத்தமோ. ஆன்டிபயாட்டிக் முடித்து இரண்டு மாதம் கழித்தும் இது வரலாம், அதனால் டாக்டரிடம் போகும்போது "போன மாதம் 625 போட்டேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அறுபது தாண்டியவர்கள், சமீபத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். இந்தச் சந்தேகம் இருக்கும்போது லோபெரமைடு போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். உங்களுடைய நான்கு தடவை இளகல், மற்ற அறிகுறி இல்லாமல், மருந்து தொடங்கியதுமே வந்திருப்பதால், இந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பார்க்காமல் இல்லவே இல்லை என்று எழுத முடியாது. தண்ணீராகவே போக ஆரம்பித்தாலோ, எண்ணிக்கை ஆறு ஏழு என்று ஏறினாலோ, சிறுநீர் குறைந்து தலை சுற்றினாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டரை அழையுங்கள்.

வயிற்றைவிட அரிதான, ஆனால் பெரிய விஷயம் கல்லீரல். இந்தக் கூட்டு மருந்தால் மஞ்சள் காமாலை வரக்கூடும். இதற்கும் காரணம் பெரும்பாலும் கிளாவுலனிக் அமிலம்தான். வயதான ஆண்களுக்கும், நீண்ட நாள் போடுகிறவர்களுக்கும் அதிகம். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட மாட்டார்கள். உடம்பெல்லாம் அரிப்பு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள் என்றால் ரத்தப் பரிசோதனை வேண்டும். முன்பு ஒருமுறை இதனால் காமாலை வந்தவர்கள் இந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போடுகிறவர்கள் இந்த நாள்களில் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்கள் அதை எழுதிய டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வீட்டில் குழந்தைக்கும் இதே மருந்து ஓடுகிறதென்றால் சிரப் பாட்டிலைப் பாருங்கள். 228.5 என்று இருந்தால் 5 மில்லியில் 200 அமாக்ஸிசிலின், 28.5 கிளாவுலனிக் அமிலம். 457 என்றால் 400, 57. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிட்டு அதே 5 மில்லி கொடுத்தால் டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகும். பொடியைக் கலக்கும்போது முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்புங்கள். நுரையைக் கோடு என்று நினைத்து நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை, மருந்து கெட்டியாகிவிடும். கலக்கியபின் ஃபிரிட்ஜில் வைத்து, லேபிளில் சொன்ன நாளுக்குள் (பெரும்பாலும் 7 நாள்) தீர்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது, இந்த அவஸ்தைக்கு மருந்து தகுமா என்ற கேள்வி. சைனஸ் தொற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயன்படாது. பத்து நாளாகக் குறையாமல் இருக்கிறது, அல்லது 39 டிகிரி செல்சியஸ் (சுமார் 102 ஃபாரன்ஹீட்) காய்ச்சலும் சீழ்போன்ற சளியும் மூன்று நான்கு நாள் தொடர்ந்தது, அல்லது சரியாகிவந்து மறுபடி முற்றியது என்றால்தான் பாக்டீரியா என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் 625 சரியான தேர்வு, ஏனென்றால் சைனஸில் வரும் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களும் அமாக்ஸிசிலினை வெட்டும் அந்த நொதியைச் சுரக்கக்கூடியவை. நாய், பூனை கடித்த காயத்தில் பாக்டீரியாத் தொற்றுக்கும் இதுதான் முதல் தேர்வான ஆன்டிபயாட்டிக். ஆனால் ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்றுக்குக் கிளாவுலனிக் அமிலம் வீண், அந்தக் கிருமி இந்த நொதியைச் சுரப்பதே இல்லை. வெறும் அமாக்ஸிசிலின் போதும், வயிறும் அவ்வளவு கெடாது. பல் சீழுக்கும் வடித்துவிடுவதுதான் முதல் சிகிச்சை, மருந்து தேவைப்பட்டால் வெறும் அமாக்ஸிசிலினில் தொடங்கலாம். டெங்குவுக்கும், தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் தலைகாட்டும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலுக்கும் 625 எந்த வேலையும் செய்யாது. பின்னதற்கு டாக்ஸிசைக்ளின்தான் வேண்டும். என் அபிப்பிராயத்தில், இங்கே எழுதப்படும் 625 சீட்டுகளில் கணிசமானவற்றுக்கு 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினே போதும்.

ஆகவே நீங்களாக நிறுத்தாமல், நீங்களாக அசித்ரோமைசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாறாமல், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மருந்து தொடங்கி 72 மணி நேரத்தில் முகவலியும் சளியும் குறைந்திருந்தால் ஏழு நாளை ஐந்தாகக் குறைக்கலாமா? (பெரியவர்களின் சாதாரண சைனஸ் தொற்றுக்கு 5 முதல் 7 நாள் போதும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு.) குறையவில்லை என்றால் வேறு மருந்து வேண்டுமா? அவர் எது சொன்னாலும், அடுத்த முறை எங்கேயாவது "மருந்து அலர்ஜி இருக்கிறதா?" என்று கேட்கும்போது இந்த வயிற்றுப்போக்கைச் சொல்லி பென்சிலின் அலர்ஜி என்று எழுதவிடாதீர்கள். ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால் நல்ல மருந்துகளின் ஒரு கூட்டமே உங்களுக்கு இல்லாமல் போகும். "625 போட்டால் நாலு தடவை இளகிப் போகும், தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்ததில்லை" என்று அப்படியே சொல்லுங்கள்.